மகள் இன்டர்ன்ஷிப் போகட்டும் அம்மா

வணக்கம் அம்மா. மைக்ரோபயாலஜி படிக்கும் உங்கள் மகள் விடுமுறையில் சுகாதாரத் துறையோடு சேர்ந்து தண்ணீர் மாதிரி எடுக்கப் போகிறேன் என்கிறாள், அதில் என்ன எதிர்காலம் என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக அனுப்புங்கள்.

சுற்றுச்சூழல் பொதுச் சுகாதாரத் துறைக்காரர்கள் குடிநீர், உணவு, காற்று, கழிவுநீர், கொசு என்று நோய் எந்த வழியாக வருகிறதோ அங்கே போய் நிற்பவர்கள். 1854-ல் லண்டனில் காலரா பரவியபோது, இறந்தவர்கள் எங்கே தண்ணீர் பிடித்தார்கள் என்று வீடு வீடாக விசாரித்தார் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர். பிராட் தெருவிலிருந்த பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது அதன் பிறகுதான். இன்றும் இந்த வேலை அப்படித்தான் நடக்கிறது. நேரில் போய்ப் பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், எண்களோடு பொருத்திப் பார்க்க வேண்டும். வகுப்பில் இதைப் படிக்கலாம், பழக முடியாது.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். குளோரின் கலந்த குடிநீரில் பாக்டீரியா இருக்கிறதா என்று பார்க்க எடுத்துப்போகும் பாட்டிலில் முன்கூட்டியே சோடியம் தயோசல்ஃபேட் போட்டிருப்பார்கள். மாதிரி எடுத்த பிறகும் குளோரின் கிருமிகளைக் கொன்றுகொண்டே இருந்தால் சோதனை முடிவு தப்பாகிவிடும், அதைத் தடுக்கத்தான். சுத்தமாக இருக்கட்டுமே என்று யாராவது பாட்டிலை அலசிவிட்டால் மருந்து போய்விடும். கெட்ட தண்ணீருக்கும் நல்ல ரிப்போர்ட் வரலாம். எஞ்சிய குளோரினை அந்த இடத்திலேயே அளந்துவிட வேண்டும், நேரம் போகப் போக அது குறைந்துவிடும். மாதிரியைக் குளிர்ச்சியாக வைத்து, தாமதிக்காமல் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும்.

அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களைப் பார்த்துக்கொண்டே இதையெல்லாம் செய்த பெண், பின்னால் எங்கே வேலைக்குப் போனாலும் கைக்கு வரும் எண்ணை அப்படியே நம்பிவிட மாட்டாள். யார் எடுத்தது, எப்போது எடுத்தது, எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று கேட்பாள். நேர்காணலில் ஐந்து நிமிடம் பேசினாலே அந்தப் பழக்கம் தெரிந்துவிடும்.

இன்னொரு லாபமும் உண்டு. உணவகச் சோதனைக்குக் கூடப் போனால், குறையைக் கறாராகச் சொல்லவும் வேண்டும், எதிரில் இருப்பவரை அவமதிக்கவும் கூடாது என்பது புரியும். சிலருக்கு அது இயல்பாக வரும். வராதவர்கள் தரவுப் பகுப்பாய்வுக்கோ ஆய்வகத்துக்கோ போகலாம். இது இரண்டு மாதத்தில் தெரிந்துவிட்டால் நல்லதுதானே? மேற்படிப்பில் சேர்ந்து பணம் கட்டிய பிறகு தெரிவதுதான் கஷ்டம்.

ஆனால் சேரும் முன் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். யாருடைய மேற்பார்வையில் இருப்பாள்? வாரத்தில் எத்தனை நாள் களத்துக்கு அழைத்துப்போவார்கள்? கையுறை, பாதுகாப்புக் காலணி தருவார்களா? கடைசியில் அவளே எழுதும் ஒரு சிறிய அறிக்கை உண்டா? ஃபைல் அடுக்கவும் ஜெராக்ஸ் எடுக்கவும் மட்டும்தான் என்றால் வேறு இடம் பாருங்கள்.

சம்பளத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது இடத்துக்கு இடம் மாறும். உள்ளாட்சி, குடிநீர் வழங்கும் அமைப்புகள், உணவுத் தொழிற்சாலைகள், தொழிலாளர் பாதுகாப்பு என்று வாய்ப்பு பல பக்கம் இருக்கிறது. சில நாடுகளில் சுகாதார ஆய்வாளராக உரிமத் தேர்வு எழுத வேண்டும்; பயிற்சிக் காலம் அதற்குக் கணக்கில் வருமா என்று இப்போதே விசாரித்து வையுங்கள். அப்புறம், செய்த வேலையை அன்றன்றே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பரிந்துரைக் கடிதத்தையும் பயிற்சி முடிவதற்குள்ளேயே மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்கிவிடட்டும்.