எக்ஸ்ரே அறை முதல் ரத்த டியூப் வரை: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் வட்ட மருத்துவமனையில் பழைய வார்டு ஒன்றைப் பிரித்து டிஜிட்டல் எக்ஸ்ரே வைக்கப் போகிறோம். அடுத்து சிடி ஸ்கேனும் வரும் என்கிறார்கள். சுவரெல்லாம் ஒன்பது அங்குலம். போதுமா?
– மருத்துவ அலுவலர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: மூன்று சுவருக்குப் போதும், ஒன்றுக்குப் போதாது. நேர்க்கதிர் விழும் சுவர், அதாவது நெஞ்சுப் படம் எடுக்கும் ஸ்டாண்டு நிற்கும் பக்கம், 35 செ.மீ. செங்கல் கனம் வேண்டும். இது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் சொல்லும் அளவு. சிதறும் கதிர் மட்டும் படும் சுவர்களுக்கு 23 செ.மீ. ஆகவே ஸ்டாண்டு எங்கே வரும் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அந்தச் சுவரோடு மட்டும் உள்பக்கமாக நாலரை அங்குலம் சேர்த்துக் கட்டுங்கள். பூச்சோடு கணக்கு சரியாகிவிடும். ஹாலோ பிளாக் கூடாது. கதவுக்கு 1.7 மி.மீ. ஈயத் தகடு.

தப்பு நடப்பதெல்லாம் சின்ன இடங்களில்தான். கதவில் தகடு இருக்கும். கதவுக்கும் நிலைக்கும் நடுவிலுள்ள இடுக்கில் இருக்காது. ஸ்விட்ச் பெட்டிக்காகக் குடைந்த இடத்தில் சுவரின் கனம் குறைந்துபோயிருக்கும். பெட்டிக்குப் பின்னால் ஈயத் தகடு வைத்து மூடுங்கள். ஏசி குழாய் போகும் ஓட்டையையும் மறக்க வேண்டாம். மறைப்பில்லாத ஜன்னல், வெளித்தரையிலிருந்து 2 மீட்டருக்கு மேல்தான் இருக்கலாம்.

எக்ஸ்ரே அறைக்கு 18 சதுர மீட்டர், சிடிக்கு 25. இரண்டுக்கும் இடத்தை இப்போதே ஒதுக்கிவிட்டால் பிறகு இடிக்க வேண்டியிருக்காது. வாரியத்தின் இ-லோரா இணையதளத்தில் அனுமதி வாங்கிய பிறகே மெஷினுக்கு ஆர்டர் கொடுங்கள்.

கேள்வி: ரத்தத்தைப் பரிசோதிக்கும் லேப் அனலைசரின் மின்னணு போர்டு ஒரே வருடத்தில் மூன்று முறை எரிந்துவிட்டது. மாடியில் சோலார் போட்டால் இந்தத் தொல்லை தீருமா?
– லேப் டெக்னீஷியன், சிவகங்கை மாவட்டம்

பதில்: சோலார் கரண்ட் பில்லைக் குறைக்கும், போர்டைக் காப்பாற்றாது. முதலில் மெஷின்களெல்லாம் ஓடும் நேரத்தில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஐந்து, பத்து என்று காட்டினால் எங்கோ நியூட்ரல் தளர்ந்திருக்கிறது, இல்லையென்றால் எர்த் குழி காய்ந்துவிட்டது. குழியின் மின்தடை 1 ஓமுக்குள் இருக்க வேண்டும். அதைச் சித்திரை, வைகாசியில் அளந்து பாருங்கள். மழை பெய்த மறுநாள் அளந்தால் எந்தக் குழியும் நல்ல குழியாகத்தான் தெரியும்.

பிறகு லிஃப்ட், ஏசி, எக்ஸ்ரே ஆகியவற்றின் லைனிலிருந்து அனலைசரைப் பிரித்துவிடுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் வேண்டாம்; எப்போதும் தன் வழியாகவே சீரான மின்சாரம் தரும் ஆன்லைன் யுபிஎஸ் வையுங்கள். அதன் திறனில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சுமை ஏற்றாதீர்கள். பேட்டரியை மாடிப்படிக்குக் கீழே அடைத்துவைப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் லெட்-ஆசிட் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். காற்றோட்டமான இடம் கொடுங்கள்.

சோலாரில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மின்வாரிய லைனோடு மட்டும் இணைத்த சோலார், கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவர் உயிருக்காக அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். கரண்ட் போன பிறகும் ரீஏஜெண்ட் (பரிசோதனை ரசாயனம்) வைக்கும் ஃப்ரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள் நிற்க வேண்டுமானால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் தேவை. 1 கிலோவாட்டுக்கு நாளைக்கு சுமார் 4 யூனிட் கிடைக்கும். ஏறத்தாழ 100 சதுர அடி மாடி பிடிக்கும். சிடியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். படம் எடுக்கும் சில நொடிகளில் அது இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய இன்வெர்ட்டர் தாங்காது.

கேள்வி: ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து வரும் ரத்தத்தில் சுகர் குறைவாகவும் பொட்டாசியம் கூடுதலாகவும் வருகிறது. புது அனலைசர் வாங்கலாமா?
– நோயாளர் நலச் சங்க உறுப்பினர், தருமபுரி மாவட்டம்

பதில்: வாங்க வேண்டாம். காலை ஒன்பதுக்கு எடுத்த ரத்தம் மதியம் ஒன்றரைக்கு வந்தால் எந்த மெஷினும் இதையேதான் காட்டும். அணுக்களைத் தனியே பிரிக்காத ரத்தத்தில் அவை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். நேரம் ஆக ஆக அணுவிலிருந்து பொட்டாசியம் கசியும். ஐஸில் வைத்தால் இன்னும் அதிகம் கசியும்.

சுகருக்கு, சர்க்கரை குறைவதைத் தடுக்கும் மருந்துள்ள சாம்பல் மூடி டியூப். எடுத்தவுடன் எட்டு, பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. மற்ற பரிசோதனைகளுக்கு ஜெல் உள்ள மஞ்சள் மூடி டியூப். அரை மணி நேரம் நிமிர்த்தி வைத்து உறையவிட்டு, அங்கேயே சென்ட்ரிஃபியூஜில் (ரத்தத்தைச் சுழற்றி அணுக்களைப் பிரிக்கும் மெஷின்) பத்து நிமிடம் சுற்றி அனுப்பட்டும். எடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் இது முடிய வேண்டும். ‘நிமிடத்துக்கு 3000 சுற்று’ என்று மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். சுற்றும் ஆரம் 15 செ.மீ. என்றால் அது புவியீர்ப்பைப் போல் 1500 மடங்கு, 10 செ.மீ. என்றால் 1000 மடங்குதான்.

இன்னொன்றையும் பாருங்கள். மஞ்சள் மூடியில் ரத்தம் குறைந்துவிட்டால் ஊதா மூடியிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்பும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஊதா டியூபில் உள்ளது, ரத்தம் உறையாமல் தடுக்கும் பொட்டாசியம் இடிடிஏ. ஒரு சொட்டு கலந்தாலும் பொட்டாசியம் எகிறும், கால்சியம் சரியும். இரண்டும் சேர்ந்து வந்தால், நோயாளிக்கு ஈசிஜி எடுத்துக்கொண்டே புது ரத்தம் எடுங்கள்.

கேள்வி: ஒரு கம்பெனி அனலைசரை இலவசமாக வைக்கிறேன், ரீஏஜெண்ட் மட்டும் எங்களிடம் வாங்குங்கள் என்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?
– அறக்கட்டளை மருத்துவமனை நிர்வாகி, தென்காசி

பதில்: கன்ட்ரோல் (மெஷின் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கும் மாதிரி), காலிபரேட்டர் (மெஷினை அளவுக்குச் சரிசெய்யும் மாதிரி), திரும்பச் செய்யும் டெஸ்ட் எல்லாம் சேர்த்து, நோயாளிக்குக் கொடுக்கும் ஒரு ரிசல்ட்டுக்கு என்ன விலை என்று எழுத்தில் கேளுங்கள். நாளைக்கு இருபது டெஸ்ட் மட்டும் செய்யும் லேபில் கன்ட்ரோலுக்கே பெரும்பங்கு போய்விடும். மாதக் குறைந்தபட்சக் கொள்முதல் எவ்வளவு, மெஷின் நின்றால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், வராவிட்டால் என்ன பிடித்தம் என்பதும் ஒப்பந்தத்தில் வர வேண்டும். சொந்தமாக வாங்குவதானால், உத்தரவாதம் முடிந்த பிறகான ஐந்து வருடப் பராமரிப்புக் கட்டணத்தையும் இந்தக் கொள்முதல் ஆணையிலேயே எழுதி வாங்குங்கள். மெஷின் உள்ளே வந்துவிட்ட பிறகு பேரம் பேச உங்களுக்கு இடமிருக்காது.