எம்.சி.பி. பெரிதாக இருந்தால் வாரண்டி போய்விடுமா?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் நானும் வீட்டுக்காரரும் பெட்டிக்கடை நடத்துகிறோம். பால், மோர், கலர் வைக்க 14 மாதத்துக்கு முன் 26,000 ரூபாய்க்கு ஃப்ரிட்ஜ் வாங்கினோம். கம்ப்ரசர் எரிந்துவிட்டது. அதற்கு 5 வருட வாரண்டி உண்டு. பார்க்க வந்த கம்பெனி ஆள், "32 ஆம்பியர் எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டிருக்கிறார்கள், அது ட்ரிப் ஆகி விழாததால் கம்ப்ரசர் மோட்டாரின் காயில் எரிந்தது" என்று ஜாப் ஷீட்டில் எழுதிவிட்டு, வாரண்டி கிடையாது என்கிறார். என்ன செய்யலாம் ஐயா?

பதில்: அந்த ஜாப் ஷீட்டைப் பத்திரமாக வையுங்கள். மறுத்ததற்கான காரணத்தை அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காரணம் நிற்காது.

எம்.சி.பி. காப்பது சுவருக்குள் போகும் வயரை, கம்ப்ரசரை அல்ல. சிறிய ஃப்ரிட்ஜ் ஓடும்போது ஒன்று, ஒன்றரை ஆம்பியர் இழுக்கும். வோல்டேஜ் குறைந்து மோட்டார் சுற்ற முடியாமல் நின்றால் பொதுவாக 8, 10 ஆம்பியர் வரை ஏறும். சரியான 10 ஆம்பியர் 'சி' வகை எம்.சி.பி. இருந்திருந்தாலும் இதற்கு ட்ரிப் ஆகியிருக்காது. தரவிதிப்படி 11.3 ஆம்பியரை அது ஒரு மணி நேரம் தாங்க வேண்டும். நொடியில் விழ 50 முதல் 100 ஆம்பியர் தேவை. காயிலைக் காப்பாற்ற வேண்டியது கம்ப்ரசரில் பொருத்தியிருக்கும் ஓவர்லோடு, அதாவது மோட்டார் சூடேறினால் மின்சாரத்தை வெட்டும் சிறு பாகம். கம்பெனியே மாட்டிய பாகம் அது. அது ஏன் வெட்டவில்லை என்று கேளுங்கள்.

அதற்காக 32 ஆம்பியர் சரிதான் என்று வாதாட வேண்டாம். 1.5 சதுர மி.மீ. வயருக்கு 10 ஆம்பியர், 2.5-க்கு 16 போதும். 32 போட்டால் எம்.சி.பி. விழுவதற்கு முன் வயர் சூடேறி உருகக்கூடும். மாற்றத்தான் வேண்டும், ஆனால் முதலில் போர்டைப் படம் எடுங்கள். வயர் அளவைக் குறித்து லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம் எழுதி வாங்குங்கள். கழற்றியதையும் தூக்கிப் போடாதீர்கள். கம்ப்ரசர், அதை ஸ்டார்ட் செய்யும் ரிலே, ஓவர்லோடு மூன்றையும் வெளி மெக்கானிக் தொடக்கூடாது. தொட்டால் "திறந்துவிட்டார்கள்" என்று அவர்களுக்குப் புதுக் காரணம் கிடைக்கும். கம்பெனியே எடுத்துப்போனாலும் சீரியல் எண் எழுதிய ரசீது வேண்டும்.

உங்கள் பக்கம் உள்ள பலவீனம் வேறு இடத்தில் இருக்கலாம். வாரண்டி கார்டில் ஸ்டெபிலைசர் கட்டாயம் என்று அச்சிட்டிருந்து நீங்கள் போடாமல் இருந்தால் உங்கள் வழக்கு கடினமாகும். அப்போது கம்ப்ரசர் அவர்களுடையது, அதில் நிரப்பும் கேஸ் (வாயு) செலவும் கூலியும் உங்களுடையது என்று பேசி முடிப்பதே லாபம். பல கார்டுகளில் வாரண்டியே அவ்வளவுதான்.

அடுத்து "கடைக்கு வாங்கியது, வணிக நோக்கம்" என்பார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(7)-இன் விளக்கம், சுயதொழிலால் பிழைப்பு நடத்த மட்டும் வாங்கிப் பயன்படுத்துவதை வணிக நோக்கமாகக் கொள்வதில்லை. இதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

விற்ற கடைக்கும் கம்பெனிக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் பதிவு வசதியுடன், போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கேட்டு, 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. கம்பெனி சென்னையில் இருந்தாலும் பிரிவு 34-இன்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. மனு போடும் கெடு, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு, பிரிவு 69. கம்ப்ரசரைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பும்படி பிரிவு 38-இன் கீழ் கேட்கலாம். செலவை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். ஓவர்லோடு பழுது என்று அறிக்கை வந்தால் பாதி வேலை முடிந்தது.

கோபத்தில், அந்த 32 ஆம்பியரைப் போட்ட எலக்ட்ரீஷியனை எதிர்தரப்பாகச் சேர்த்துவிடாதீர்கள். சேர்த்தால், எம்.சி.பி.தான் காரணம் என்று கம்பெனி எழுதியதை நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.