பழைய ஸ்டீரியோவில் ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் சத்தம் குறைவாகக் கேட்கிறது. ஸ்பீக்கரை மாற்றிவிடலாமா?

தயவுசெய்து இப்போதைக்கு மாற்றாதீர்கள். அப்பா காலத்து ஸ்டீரியோவில் இடது பக்கம் மட்டும் அமுங்கிக் கேட்கிறது, கடையில் "ஸ்பீக்கர் போயிடுச்சு, புது கோன் போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டார்கள் (கோன் என்பது ஸ்பீக்கரில் அதிர்ந்து சத்தம் எழுப்பும் கூம்பு) என எழுதியிருக்கிறீர்கள். இதே வார்த்தைகளை நானும் கேட்டிருக்கிறேன். அந்தக் கோபத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், சத்தம் உண்மையிலேயே குறைவா என்று பாருங்கள். ஸ்டீரியோ பதிவில் வயலின்கள் ஒரு பக்கமும் கிட்டார் மறுபக்கமும் இருக்கும், அதை வைத்து முடிவு செய்ய முடியாது. மோனோவில், அதாவது இரண்டு பக்கமும் ஒரே ஒலி வரும்படி, பதிவான 1960களின் பாட்டு ஒன்றைப் போடுங்கள். இடது, வலது அளவை மாற்றும் பாலன்ஸ் திருகை நடுவில் வைத்து, இரண்டு ஸ்பீக்கர் பெட்டிக்கும் சம தூரத்தில் உட்காருங்கள். பாடுகிறவர் உங்களுக்கு நேர் எதிரே நிற்கிற மாதிரி கேட்க வேண்டும். குரல் வலது பக்கம் ஒதுங்கினால் கோளாறு இருக்கிறது.

அப்புறம் ஆம்பிளிஃபையரை அணைத்துவிட்டு, பின்னால் இருக்கும் இடது, வலது ஸ்பீக்கர் வயர்களை இடம் மாற்றிச் செருகுங்கள். ஓடும்போது செய்யாதீர்கள், வயர் முனைகள் இரண்டும் தொட்டுக்கொண்டால் ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும். இப்போது சத்தக் குறைவு வலது பெட்டிக்குப் போய்விட்டதா? அப்படியானால் உங்கள் இடது ஸ்பீக்கர் மேல் ஒரு குற்றமும் இல்லை. கோளாறு ஆம்பிளிஃபையரில், அல்லது அதற்கும் முன்னால் இருக்கும் டேப் டெக்கிலோ ரெக்கார்டு பிளேயரிலோ. அங்கிருந்து வரும் சிவப்பு, வெள்ளை பின்களையும் இதேபோல் மாற்றிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். டெக் என்றால் முதலில் டேப் உரசி ஓடும் ஹெட்டைத் துடையுங்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது சித்தப்பா எண்பதுகளில் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் செட். அதில் வலது பக்கம் மெல்ல மெல்ல அமுங்கியது. கடைக்காரர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் கோன் மாற்ற வேண்டும் என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏனென்றால் வால்யூமை நன்றாக ஏற்றினால் "படக்" என்று அந்தப் பக்கம் முழுசாக உயிர் பெறும். கொஞ்ச நேரம் சரியாகப் பாடும். மறுநாள் காலையில் பழையபடி அமுங்கிவிடும். கோன் கெட்டிருந்தால் வால்யூம் ஏற்றியதும் எப்படிச் சரியாகும்?

காரணம் ரிலே, ஆம்பிளிஃபையருக்குள் தானாகத் திறந்து மூடும் ஒரு சுவிட்ச். பவர் போட்டுச் சில விநாடிகள் கழித்து உள்ளே "டக்" என்று கேட்கிறதே, அதுதான். ஆம்பிளிஃபையர் நிலைக்கு வரும்வரை ஸ்பீக்கரை இணைக்காமல் பிடித்து வைத்திருக்கும். வருஷக்கணக்கில் திறந்து மூடி, அதன் காண்டாக்ட் முனைகளில் கறுப்புப் படலம் ஏறிவிடும். மெல்லிய சத்தத்துக்கான சின்ன வோல்டேஜால் அந்தப் படலத்தைத் தாண்ட முடியாது. வால்யூம் ஏறும்போது உடைத்துக்கொண்டு போகும். எனக்குத் தெரிந்த ரேடியோ மெக்கானிக் ஒருவர் ரிலேயின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிக் காட்டினார். இடது பக்க முனைகளில் வெள்ளிப் பளபளப்பு இன்னும் மிச்சம் இருந்தது, வலது பக்க முனைகள் விளக்குக் கரி படிந்த மாதிரி இருந்தன. கெட்டித் தாளை மெல்லிய பட்டையாக வெட்டி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்து, முனைகளுக்கு நடுவில் வைத்து இழுத்தார். தாள் கறுப்பாக வெளியே வந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது, மேல்பூச்சு போய்விடும் என்றார். அன்று மாலையே இரண்டு பக்கமும் ஒரே அளவில் பாடின.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை. "காப்பாசிட்டர் எல்லாவற்றையும் மாற்றாமல் என்ன பேச்சு" என்று, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் அந்தப் பாகத்துக்காகச் சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். காப்பாசிட்டர் கெடாது என்று நான் சொல்லவில்லை. முதலில் காசு செலவில்லாததைப் பாருங்கள் என்கிறேன். பாலன்ஸ் திருகு, டேப் டெக்கின் ஒலிக்கு மாற்றும் டேப் மானிட்டர் சுவிட்ச், எந்த ஸ்பீக்கர் ஜோடி என்று தேர்ந்தெடுக்கும் ஏ-பி சுவிட்ச் எல்லாவற்றையும் செட்டை அணைத்துவிட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பலமுறை திருப்புங்கள். பல பழைய செட்டுகள் இதிலேயே சரியாகிவிடும். மூடியைத் திறக்கும் வேலையை மட்டும் தெரிந்தவரிடம் விடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய காப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும்.

வயரை மாற்றியும் அதே பெட்டிதான் அமுங்குகிறது என்றால், சரி, கோளாறு ஸ்பீக்கரில்தான். அப்போதும் கோன்தான் என்று முடிவு கட்டாதீர்கள். கீச்சென்ற உயர் ஒலிகளைப் பாடும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் மட்டும் மங்கலா? அது, உயர் ஒலியையும் தாழ் ஒலியையும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரில் உள்ள எலக்ட்ரோலைட்டிக் காப்பாசிட்டராக இருக்கலாம். பெட்டியில் டிரெபிள் (உயர் ஒலி) அளவுத் திருகு இருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். 1960களின் அக்கூஸ்டிக் ரிசர்ச் ஏஆர்-3ஏ போன்ற பேர்போன பெட்டிகளிலேயே அந்தத் திருகுகள் பச்சைக் களிம்பு பிடித்துச் சத்தத்தை விழுங்கிவிடும். மல்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் 6 ஓம் பக்கத்தில் காட்டினால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) நன்றாகவே இருக்கிறது. கோனின் ஓரத்து ஃபோம் பொடிந்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம், ஆனால் இரண்டு பெட்டியிலும் மாற்றுங்கள். ஒன்றில் மட்டும் கை வைத்தால் இரண்டும் ஜோடியாகப் பாடாது.

எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. இந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தாலே "இதெல்லாம் எதற்கு, ஒரு ப்ளூடூத் வாங்கிக்கோங்க" என்கிறார்கள். கல்யாண ரிசப்ஷனில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காத அளவுக்கு அலறவிடுவதை யாரும் தப்பு என்று சொல்வதில்லை. வீட்டில் நிதானமாக இரண்டு பக்கமும் சமமாகக் கேட்க நினைத்தால் மட்டும் வீண் செலவாகத் தெரிகிறது. எங்கள் உறவில் ஒருவர் நல்ல தேக்குப் பெட்டி ஜோடியை எடைக்குப் போட்டுவிட்டார். சொல்லியிருந்தால் நானே போய் எடுத்து வந்திருப்பேன்.

வயரை மாற்றிப் பார்த்துவிட்டு மூன்று விஷயம் எழுதுங்கள்: பவர் போட்டதும் அந்த "டக்" கேட்கிறதா, வால்யூம் ஏற்றினால் சத்தம் திடீரென்று முழுசாக வருகிறதா, அமுங்குவது முழுப் பாட்டா அல்லது ஜால்ரா, சலங்கை போன்ற உயர் ஒலிகள் மட்டுமா. அதுவரை கடைக்காரரிடம் பெட்டியைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், பழைய கோனைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.