குகைக்குள் போக ஆளுக்கு ரூ.6,500 கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: அம்பை (அம்பாசமுத்திரம்) பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் படிக்கிறேன். களக்காடு–முண்டந்துறை காட்டில் வௌவால் குகைக் கணக்கெடுப்புக்கு உதவியாளராகச் சேர்த்துவிடுவதாக ஒருவர் சொல்கிறார். இரண்டு நாள், சான்றிதழ் உண்டு, ரூ.6,500. அனுமதியெல்லாம் அவரே பார்த்துக்கொள்வாராம். சட்டச் சிக்கல் வருமா? கையில் என்னென்ன வேண்டும்?

பதில்: பணம் கொடுக்காதீர்கள். உங்கள் பெயர், தேதி, போகும் இடம் மூன்றும் எழுதிய அனுமதிக் கடிதத்தின் நகலை அவரிடம் கேளுங்கள். "ரேஞ்சர் நமக்கு வேண்டியவர்தான்" என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். சரணாலயத்துக்குள் ஆய்வுக்காக நுழைய அனுமதி தருபவர் தலைமை வன உயிரினக் காப்பாளர். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-வது பிரிவு அது. அரசுக்குக் கட்டணம் ஏதும் இருந்தால் அரசுக் கணக்கில் கட்டுவோம், ரசீது வரும். யாரோ ஒருவரின் ஜிபே எண்ணுக்குப் போகும் பணத்துக்கும் அனுமதிக்கும் சம்பந்தமே கிடையாது. அனுமதியின்றி உள்ளே பிடிபட்டால் வழக்கு உங்கள் பேரில்தான் விழும். 2022 திருத்தத்துக்குப் பிறகு பொதுவான மீறலுக்கே 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். கூட்டிப்போனவர் செக்போஸ்ட்டுக்கு வெளியே நின்றுகொள்வார்.

நேர் வழி இரண்டு. ஒன்று, வனத்துறையே நடத்தும் கணக்கெடுப்பில் தன்னார்வலராகச் சேர்வது. திருநெல்வேலியில் புலிகள் காப்பகத்தின் கள இயக்குநர் அலுவலகமும், அம்பாசமுத்திரத்திலும் களக்காட்டிலும் துணை இயக்குநர் அலுவலகங்களும் இருக்கின்றன. கல்லூரித் துறைத்தலைவர் கையெழுத்துடன் ஒரு கடிதம் கொடுத்து, பதிவு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, அனுமதி பெற்ற ஆய்வாளரின் குழுவில் உங்கள் பெயரையும் எழுத்தில் சேர்த்திருப்பது. ஆடி அமாவாசையை ஒட்டிப் போகாதீர்கள். காட்டுக்குள் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயில் கூட்டத்துக்கே எல்லா ஊழியர்களும் போய்விடுவார்கள். மற்ற நாளிலும் கோப்பு சென்னைக்கும் நெல்லைக்குமாக மாதக்கணக்கில் நடக்கும், எங்கே நிற்கிறது என்று கேட்டால் சொல்ல ஆள் இருக்காது. ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு ஒரு வரிப் பதில்கூடப் போடாத இந்த மௌனம்தான் இடைத்தரகர்களுக்குச் சோறு போடுகிறது.

"காட்டுக்கு வெளியே இருக்கிற குகைதானே" என்று அந்தத் தரகர் அடுத்துச் சொல்லக்கூடும். இதில்தான் பலர் மாட்டுகிறார்கள். ஊரை ஒட்டிய குன்றில் உள்ள பொடவு (குகை) காப்புக்காட்டு எல்லைக்குள் இருந்தால் வனத்துறையிடம் போக வேண்டும். புறம்போக்கு என்றால் வருவாய்த்துறை. கோயில் மண்டபம், கோபுரம் என்றால் அறநிலையத்துறை. மருகால்தலைபோல் கல்வெட்டும் கற்படுக்கையும் உள்ள குகைத்தளம் என்றால் தொல்லியல் துறையையும் கேட்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைக் கேட்டால் இடம் யாருடையது என்று தெரிந்துவிடும். இடம் யாருடையதாக இருந்தாலும் வௌவாலைப் பிடிப்பது தனிச் சங்கதி. பழந்தின்னி வௌவால்களைச் சட்டமே ஒரு காலத்தில் தொல்லை விலங்குப் பட்டியலில் வைத்திருந்தது. 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலே போய்விட்டது. சட்டத்தின் கணக்கில் பிடிப்பதும் வேட்டைதான். மேகமலையிலும் இந்த மலைகளிலும் குகைகளில் தங்கும் சலீம் அலி பழந்தின்னி வௌவால் முதல் அட்டவணையில் இருக்கிறது. வலை கட்டிக் காட்டுகிறேன் என்பவருடன் எங்கும் போகாதீர்கள்.

குகைக்குள் போகவும் அவசியமில்லை. எண்ணுவது வாசலில்தான். பகலில் ஆள் நுழைந்தால் கூட்டம் கலையும், தாயின் வயிற்றில் ஒட்டிக்கிடக்கும் குட்டி தவறிக் கீழே விழும். திரும்பத் திரும்பக் கலைத்தால் இடத்தையே காலிசெய்துவிடும். சூரியன் மறைய அரைமணி இருக்கும்போதே வாசலிலிருந்து 15 மீட்டராவது தள்ளி, பறக்கும் பாதைக்கு ஒருபுறமாக உட்காருங்கள். வெளியேறும் வௌவாலுக்குப் பின்னால் வெளிச்சமான வானம் தெரிய வேண்டும், பாறை தெரிந்தால் பாதி கண்ணில் படாது. இரண்டு பேர், ஆளுக்கொரு கிளிக்கர் (அழுத்தி எண்ணும் கருவி), ஒருவர் எண்ணிக்கையை மற்றவர் கேட்கக் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறிக்க வேண்டும்.

பெரிய பிழை வருவது எங்கே என்றால், வாசலிலேயே வட்டமடித்துவிட்டுத் திரும்ப உள்ளே போகும் வௌவால்களால்தான். ஒரே வௌவாலை நான்குமுறை எண்ணிவிடுவோம். வாசலுக்கு வெளியே ஒரு பாறை விளிம்பையோ கிளையையோ கோடாக வைத்துக்கொண்டு, அதைத் தாண்டினால் மட்டும் எண்ணுங்கள். உள்ளே திரும்புவதைத் தனியாக எண்ணிக் கழித்துவிடுங்கள். கொத்தாக வந்தால் பத்துக்கு ஒரு அழுத்து. பத்து நிமிடம் எதுவும் வராவிட்டாலோ, இருட்டி உருவமே தெரியாமல் போனாலோ நிறுத்திவிட்டு, எதனால் நிறுத்தினீர்கள் என்பதையும் எழுதுங்கள். மூன்று மாலையாவது எண்ணினால்தான் ஒப்பிட முடியும். சாரல், காற்று, நிலவு மூன்றையும் தாளில் குறியுங்கள். ஆனி ஆடிக் காற்றில் வெளியேறும் நேரமே மாறும். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

படத்தை வாட்ஸ்அப்பில் போட்டால் இடப்பெயரும் ஜிபிஎஸ் குறியும் இருக்கக் கூடாது. ஆஸ்துமாவுக்கு மருந்து என்று நம்பி வௌவாலைச் சுடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்கு வழிகாட்டிவிடாதீர்கள்.

உடம்பைப் பொறுத்தவரை, வாசலில் எச்சத் தூசி பறக்கிற இடமென்றால் என்95 முகக்கவசம் போடுங்கள். அதிலுள்ள பூஞ்சை நுரையீரலைப் பிடிக்கும். கீழே விழுந்த வௌவாலைக் கையால் தொடக் கூடாது. கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தொடர்ந்து இந்த வேலை செய்வதென்றால் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ள மருத்துவரிடம் கேளுங்கள். 0, 7, பிறகு 21 அல்லது 28-வது நாள் என்று மூன்று ஊசி வழக்கம், அதனால் ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும்.

எண்ணி முடித்ததும் மூலத்தாளைத் தரகர் எவர் கையிலும் கொடுக்காதீர்கள். ரேஞ்ச் அலுவலகத்தில் ஒப்படைத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தமுறை அனுமதி கேட்கும்போது விண்ணப்பத்துடன் இணைக்க அந்த நகல் உதவும்.