இழுவையில் ஜெயித்த புஷ்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கப்பலூரில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மேலக்கால் பக்கம் வாழைநார்க் கயிறு திரிப்பவர்களுக்குக் கை மெஷின் செய்து கொடுப்பதுண்டு. அதில் ஷாஃப்ட் (சுழலும் தண்டு) உள்ளே உட்கார்ந்து சுழலும் வளையமான பித்தளை புஷ்ஷுக்குப் பதிலாக மக்கும் பிளாஸ்டிக்கில் ஒன்று மோல்டு அடித்துப் போட்டேன். பி.எல்.ஏ., பி.பி.ஏ.டி. என்ற இரண்டு மக்கும் பிளாஸ்டிக்குகளைக் கலந்து, வாழைநார்த் துணுக்கு சேர்த்தது. லேபில் இழுத்துப் பார்த்ததில், நார் சேர்க்காத கலவையைவிட நன்றாகவே தாங்கியது. மெஷினில் போட்டால் மூன்றே வாரத்தில் லொடலொடவென்று ஆடுகிறது. பலம் கூடிய பொருள் ஏன் சீக்கிரம் தேய வேண்டும்?

ஒரு வாசகர், கப்பலூர்

அன்புள்ள நண்பருக்கு,

கறிக்கடையில் வெட்டுகிற புளியமரக் கட்டையைக் கவனித்திருப்பீர்கள். மரத்தைக் குறுக்கே அறுத்து நிறுத்தியது அது. நார் எல்லாம் நட்டுக்குத்தலாக நிற்கும். கத்தி நார் முனையில்தான் விழும். அதனால்தான் அத்தனை வருஷம் உழைக்கிறது. அதே மரத்தைப் பலகையாக அறுத்துப் போட்டு அதன்மேல் வெட்டினால், நாலு நாளில் சிலும்பு சிலும்பாகப் பெயர்ந்துவிடும்.

உங்கள் புஷ்ஷில் நடந்தது இரண்டாவது. மோல்டுக்குள் உருகிய பிளாஸ்டிக் பாயும்போது, சுவரை ஒட்டிய நார்த்துணுக்குகள் ஓட்டத்தின் போக்கிலேயே படுத்துக்கொள்ளும். லேபில் இழுத்த பட்டையிலும் அப்படித்தான் படுத்திருக்கும். இழுத்ததும் அதே திசையில். நல்ல மார்க் வராமல் என்ன செய்யும்? ஆனால் புஷ்ஷின் உள்பக்கத்தில் அதே படுத்த நாரைத்தான் ஷாஃப்ட் நாள் முழுக்கத் தேய்க்கிறது. ஒரு துணுக்கு கழன்றால் அங்கே பள்ளம். கழன்றது வெளியேறாமல் நடுவில் மாட்டிக்கொண்டு மற்றதையும் அரைக்கும்.

அப்புறம் ஒட்டுதல். வாழைநார் தண்ணீரை விரும்பும், இந்தப் பிளாஸ்டிக் விரும்பாது. நாரை லேசான காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்து, நன்றாகக் கழுவிக் காயப்போட்டால் மேலே இருக்கும் மெழுகுப்பசை போய்ச் சொரசொரப்பாகும், பிடிப்பும் வரும். அதிகம் ஊறினால் நாரே நைந்துபோகும். ஈரத்தோடு கலந்தாலோ, உருக்குகிற சூட்டில் பி.எல்.ஏ.யின் நீண்ட சங்கிலிகள் அறுந்துவிடும். உங்களுக்குக் கலந்து கொடுத்தவர்கள் எவ்வளவு நேரம் உலர்த்தினார்கள் என்று கேட்டீர்களா?

சூடு இன்னொரு சங்கதி. பி.எல்.ஏ. விறைப்பான ஆள், கிட்டத்தட்ட 5 சதவீதம் நீண்டாலே முறிந்துவிடும். அதற்காகத்தான் ரப்பர் மாதிரி இழுபடும் பி.பி.ஏ.டி.யைச் சேர்ப்பது. சேர்த்தால் முறியாது, சரி, ஆனால் மேல்பரப்பு மெத்தென்றாகிவிடும். போதாக்குறைக்கு 60 டிகிரியை நெருங்கினாலே பி.எல்.ஏ. இளகும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் 40 டிகிரி சும்மாவே இருக்கிறது. உரசலில் வருகிற சூட்டைப் பித்தளை கடத்திவிடும். பிளாஸ்டிக் அதில் நூறில் ஒரு பங்கைக்கூடக் கடத்தாது. ஏ.சி. லேபில் இழுத்துப் பார்த்தால் இதெல்லாம் தெரியாது.

தேய்மானத்துக்குத் தனிச் சோதனை இருக்கிறது. சுழலும் எஃகுத் தட்டின்மேல் சின்னக் குச்சியாக உங்கள் பொருளை அழுத்தி, அழுத்தும் எடை, வேகம், ஓடிய தூரம் குறித்துக்கொண்டு, எவ்வளவு குறைந்தது என்று நிறுத்துப் பார்ப்பார்கள். நார் போட்டது, போடாதது இரண்டையும் ஓட்டச் சொல்லுங்கள். குச்சியை நார் நிற்கிற மாதிரி ஒன்று, படுக்கிற மாதிரி ஒன்று என்று வெட்டித் தரவும்.

என்னைக் கேட்டால் இந்தக் கலவையை மெஷினின் மூடிக்கும் கைப்பிடிக்கும் வைத்துக்கொள்ளுங்கள், புஷ் பித்தளையிலேயே இருக்கட்டும். மக்கும் என்பதற்காக வாய்க்கால் ஓரம் எறிந்துவிடவும் வேண்டாம். பி.எல்.ஏ. ஒழுங்காக மக்க 58 டிகிரி வாக்கில் சூடேறும் பெரிய கம்போஸ்ட் குவியல் வேண்டும். வீட்டு எருக்குழிக்கு அது அசையாது.

தேய்ந்த புஷ்ஷை நெடுக்கே பிளந்து, வாட்ச் கடை லென்ஸில் உள்பக்கத்தைப் பாருங்கள். நார் கழன்ற நீளப் பள்ளங்கள் தெரிந்தால் ஒட்டுதல் சரியில்லை. பூசி மெழுகியது போலப் பளபளத்தால் சூடுதான் காரணம். படம் எடுத்து அனுப்புங்கள், பார்க்கிறேன்.