திருவட்டாறு பக்கம் இரண்டு நாள் தங்கினால் என்னென்ன பார்க்கலாம்? ஆற்றில் குளிக்கலாமா?

கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையும் சூரிய உதயமும் பார்த்து முடித்த பிறகு இரண்டு நாள் திருவட்டாறு பக்கம் தங்க நினைப்பதாகவும், எழுபது வயதைத் தாண்டிய அம்மா அப்பாவும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளும் உடன் வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக வாருங்கள். நான் அந்த ஆற்றங்கரையில் வளர்ந்தவன். பதிலில் ஊர்ப்பெருமை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோதையாறும் பறளியாறும் ஊரை வளைத்துக்கொண்டு ஓடுவதால்தான் வட்டாறு என்று பெயர். இரண்டும் பக்கத்திலேயே மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் விழுகின்றன. சேர்ந்தபின் இந்த ஆற்றுக்கும் தாமிரபரணி என்றுதான் பெயர். திருநெல்வேலிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் நாங்கள் குழித்துறை ஆறு என்று சொல்லிச் சமாளித்துக்கொள்கிறோம். நீங்கள் பார்க்க வேண்டியவற்றில் பாதிக்கு மேல் இந்தத் தண்ணீரை ஒட்டியே இருக்கின்றன. அதனால் ஒரே ஊரில் அறை எடுத்துக்கொண்டு, ஆற்றோடு மேலும் கீழுமாகப் போய் வந்தால் போதும். ஒரே நாளில் பத்து இடம் காட்டுகிறேன் என்று சொல்லும் வாடகைக் கார்க்காரரை மட்டும் நம்பாதீர்கள்.

முதல் நாள் காலையை ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்கு ஒதுக்குங்கள். காலை என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மதுரையிலிருந்து வந்த என் மைத்துனர் குடும்பத்தைப் பெரிய வழிகாட்டி போல அழைத்துப் போய், பகல் பன்னிரண்டரைக்குக் கோயில் வாசலில் நிறுத்தினேன். நடை சாத்தியிருந்தது. இனி மாலை ஐந்து மணிக்குத்தான் என்றார் பூக்கடைக்காரர். மைத்துனர் ஒன்றும் சொல்லவில்லை, அவருடைய அம்மா சொன்னார். இன்றைக்கும் எந்தக் கல்யாண வீட்டில் பார்த்தாலும் "வாங்க மாப்பிள்ளை, நடை திறந்தாச்சா?" என்றுதான் விசாரிப்பார்.

கோயில் மேட்டில் இருக்கிறது, படியேற வேண்டும். பெரியவர்கள் நின்று நிதானமாக ஏறட்டும். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், வேட்டி எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் நேராகச் சன்னதிக்கு ஓடிவிடாமல் சுற்றுப்பிரகாரத்தில் ஒரு முறை நடந்துவிடுங்கள். வரிசையாக நிற்கும் தூண்களில் கையில் விளக்கேந்திய பாவைகள். கொண்டையும் காதணியும் தூணுக்குத் தூண் மாறும் அழகைப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், அரை மணி நேரம் உங்களை விட்டுவிடுவார்கள். சன்னதிக்கு முன்னால் ஒரே பாறையில் அமைத்த ஒற்றைக்கல் மண்டபம். அதன்மேல் நின்றுதான் பார்க்க வேண்டும். 22 அடி நீளத்தில் மேற்கு நோக்கிப் படுத்திருக்கிறார் பெருமாள். மூன்று வாசல் வழியாக முகம், உடல், பாதம் என்று பகுதி பகுதியாகத்தான் தெரியும். உள்ளே எண்ணெய் விளக்கு வெளிச்சம்தான். கண் பழக ஒரு நிமிடமாவது ஆகும். பின்னால் இருப்பவர் நெருக்கினாலும் அந்த ஒரு நிமிடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். திருமேனி கருங்கல் அல்ல, கடுசர்க்கரை என்னும் கலவையால் ஆனது. அதனால் மூலவருக்கு அபிஷேகம் கிடையாது. திருவனந்தபுரத்துப் பத்மநாபருக்கு இவர் மூத்தவர் என்பது எங்கள் கட்சி. நம்மாழ்வார் பாடிய தலம். 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலை 6 அன்று இங்கே குடமுழுக்கு நடந்தது. அந்த வாரம் ஊரில் நிற்க இடமில்லை.

அன்று மாலை மாத்தூர் தொட்டிப்பாலம். பெயரைக் கேட்டு ஏதோ சின்னப் பாலம் என்று நினைத்துவிட வேண்டாம். பறளியாற்றுப் பள்ளத்தாக்கின் குறுக்கே ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்குக் கால்வாய்த் தண்ணீரைத் தூக்கிச் செல்லும் கான்கிரீட் தொட்டி அது. 28 தூண்கள், உயரமான இடத்தில் 115 அடி. காமராஜரின் முயற்சியால் எழுந்து 1966இல் முடிந்தது. தொட்டியின் மேலே பாவிய பலகைகளில் நடந்து போகலாம். அணையிலிருந்து தண்ணீர் விட்டிருக்கும் மாதங்களில் காலடியில் ஏழடி ஆழத் தொட்டியில் அது ஓடுவது தெரியும். கால்வாய் அடைத்திருக்கும் கோடையில் வெறும் தொட்டிதான், இருந்தாலும் கீழே தெரியும் தென்னையும் ரப்பரும் எங்கேயும் போய்விடாது. உயரம் என்றால் பயப்படுகிறவர்கள் நடுப்பாலம் வரை போய் யோசிக்க வேண்டாம், கரையிலேயே நின்றுவிடுங்கள். என் மகள் ஏழு வயதில் சரியாகப் பாதியில் நின்றுகொண்டு முன்னாலும் வரமாட்டேன், பின்னாலும் வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். பாலத்திலிருந்து ஆற்றங்கரைக்கு இறங்கப் படிக்கட்டு இருக்கிறது. இறங்கும்போது சுகமாகத்தான் இருக்கும். உங்கள் அப்பா அம்மாவை இறக்காதீர்கள், திரும்ப ஏற வேண்டும்.

இரண்டாம் நாள் திற்பரப்பு. கோதையாறு பாறையிலிருந்து சுமார் ஐம்பது அடி விழும் இடம், பக்கத்திலேயே மகாதேவர் கோயில். அருவியில் குளிக்கலாம், பிள்ளைகளுக்குத் தனிக் குளம் உண்டு, அருவிக்கு மேலே தடுப்பணையில் தேங்கிய தண்ணீரில் படகு விடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையும் பள்ளி விடுமுறையும் தவிர எந்த நாளானாலும் சரி. ஞாயிறு போனால் அருவியைவிடத் தலைகள்தான் அதிகம் தெரியும். வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். தடை என்றால் வாதாடாமல் ஒரு கட்டஞ்சாயா (பால் விடாத தேநீர்) குடித்துவிட்டுத் திரும்புங்கள்.

இனி ஆற்றில் குளிக்கலாமா என்ற கேள்வி. குளிக்கலாம், ஆனால் கண்ட இடத்தில் அல்ல. காரை ஓரமாக நிறுத்தி, தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று இறங்கும் வெளியூர்க்காரர்களைப் பார்த்தால் எங்களுக்கு வயிறு கலங்கும். இந்த ஆற்றில் கயங்கள் உண்டு. முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்துகொண்டே இருப்பீர்கள், அடுத்த அடியில் தலைக்கு மேல் ஆழம். பல காலம் மணல் அள்ளியதில் புதிய குழிகளும் சேர்ந்துகொண்டன. பத்து வயதில் நான் அப்படி ஒன்றில் போனேன். வீட்டுப் பக்கத்து ஆறு, நாள்தோறும் குளிக்கும் ஆறு! கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா தோர்த்தை, அதாவது துண்டை, வீசி, "பிடிச்சுக்கோ மக்கா" என்று கத்தினார். பிடித்துக்கொண்டேன். கரையேறியதும் அதே தோர்த்தை முறுக்கி முதுகில் இரண்டு வைத்தார்.

ஊர்க்காரர்கள் குளிக்கும் கடவுகளில் (ஆற்றுத் துறைகளில்) மட்டும் இறங்குங்கள். அங்கே யாரையாவது கேட்டால் எது வரை போகலாம் என்று கைகாட்டுவார்கள். ஆளில்லாத கடவு என்றால் ஏதோ காரணத்தோடுதான் ஆளில்லை. மலையில் மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் ஏறும். அணை திறந்தாலும் அப்படித்தான். தண்ணீர் கட்டஞ்சாயா நிறத்துக்கு மாறினால் உடனே கரையேறிவிட வேண்டும்.

குளித்த பிறகு வெயில் தாழ்ந்ததும் சிதறால் மலை. வண்டி அடிவாரம் வரைதான், மேலே கல் பாவிய பாதையில் நடக்க வேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னர் காலத்தில் சமணர்கள் இருந்த இடம். பாறை முகத்தில் தீர்த்தங்கரர்களின் வரிசை, பார்சுவநாதர் தலைக்கு மேல் நாகப்படம், அம்பிகையின் சிற்பம். பின்னாளில் அங்கேயே பகவதி கோயில் வந்துவிட்டது, இரண்டு தெய்வக் கூட்டமும் சண்டையில்லாமல் ஒரே பாறையைப் பகிர்ந்துகொண்டிருக்கின்றன. மேலே நின்றால் தென்னைகளுக்கு நடுவே ஆறு வளைந்து போவது தெரியும். மாவட்டத்தில் எனக்குப் பிடித்த ஓர் இடத்தைச் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன். மாலையில் பூட்டிவிடுவார்கள், நாலு மணிக்கே ஏறத் தொடங்குங்கள். பெரியவர்களுக்கு முட்டி வலி என்றால் அடிவாரத்தில் நிழல் இருக்கிறது.

நேரம் மிஞ்சினால் திருநந்திக்கரை குடைவரை. சிறியது, ராஜராஜன் கல்வெட்டு உண்டு, அரை மணி போதும். பேச்சிப்பாறை அணையும் அதே திசைதான். 1906இல் முடித்த அணை, கட்டிய பொறியாளர் மிஞ்சினின் சமாதியும் அங்கேயே. பத்மநாபபுரம் அரண்மனையைக் கன்னியாகுமரியிலிருந்து வரும் வழியிலேயே பார்த்துவிடுங்கள், திங்கட்கிழமை விடுமுறை.

எப்போது வருவது? தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டுமே எங்களுக்குப் பெய்யும், ஆகவே குடை எப்போதும் வேண்டும். மழை சற்று ஓய்ந்த செப்டம்பர், இல்லையென்றால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வசதி. சிவராத்திரிக்கு வந்தால் சிவாலய ஓட்டம் பார்க்கலாம். கையில் விசிறியோடு "கோவிந்தா, கோபாலா" என்று கூவிக்கொண்டு பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு ஓடுவார்கள். சிவனுக்கு ஏன் கோவிந்தா என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு கதை கிடைக்கும். ஆடி அமாவாசையை ஒட்டி வந்தால் குழித்துறையில் வாவுபலிப் பொருட்காட்சி நடக்கும். மரக்கன்று வாங்கக் கூட்டம் அலைமோதும். காரில் இடம் இருந்தால் ஒரு பலாக்கன்று வாங்கிப் போகலாம்.

ரயிலில் வந்தால் குழித்துறை நிலையம், பஸ் என்றால் மார்த்தாண்டத்தில் இறங்கித் திருவட்டாறு வழியாகப் போகும் குலசேகரம் பஸ் பிடியுங்கள். சாப்பாட்டுக்கு மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கும் மீன்குழம்பும் எழுதியிருக்கும் கடையாகப் பாருங்கள். அசைவம் வேண்டாம் என்றால் உள்ளித்தீயல் என்னும் சின்ன வெங்காயக் குழம்பு கிடைக்கிறதா என்று கேளுங்கள். மார்த்தாண்டம் சந்தையில் தேனும் மட்டிப்பழமும் வாங்கலாம். மட்டி என்பது ஒரு வாழைப்பழம், விரல் அளவில்தான் இருக்கும், கனிந்ததை வாங்கினால் ஊர் போய்ச் சேருவதற்குள் தோல் கறுத்துவிடும். காயாகக் கேட்டு வாங்குங்கள்.