மாடு தின்னும் கொழுப்பும் பாலில் வரும் கொழுப்பும்: திருகோணமலை கேள்வி பதில்

(கால்நடை வளர்ப்போர் கேட்டவை, பதில் சொல்பவர் ஒரு மிருக வைத்தியர்.)

தம்பலகாமத்திலிருந்து: டொக்டர், புல்லில் இருப்பது உறையாத எண்ணெய் வகை என்கிறார்கள். அதைத் தின்னும் மாட்டின் கொழுப்பு கட்டியாக உறைவது ஏன்?

பதில்: இடையில் ஒரு வயிறு இருக்கிறதே, தம்பி! பச்சைப் புல்லின் கொழுப்பமிலங்களில் பெரும்பங்கு லினோலெனிக் அமிலம். அதில் மூன்று இரட்டைப் பிணைப்புகள், அதனால்தான் உறைவதில்லை. மாட்டுக்கு வயிற்றறை நான்கு; அதில் முதல் வயிற்றிலுள்ள பக்டீரியாக்கள் கொழுப்பை உடைத்து அமிலங்களைப் பிரிக்கும். பிரிந்து வந்த, இரட்டைப் பிணைப்புள்ள இந்த 'நிரம்பாத' அமிலம் அவற்றுக்கே நஞ்சு. ஆகவே ஐதரசனைச் சேர்த்து அந்தப் பிணைப்புகளை நிரப்பிவிடும். மாட்டுக்கு உபகாரமாக அல்ல, தாங்கள் பிழைக்க. முடிவில் கிடைப்பது ஸ்டீயரிக் அமிலம். அது உருக ஏறத்தாழ 69 பாகை செல்சியஸ் வேண்டும். லினோலெனிக் அமிலத்தில் 85 வீதத்துக்கு மேல் இப்படி மாறிப்போகிறது. கோழிக்கு இந்த வயிறு இல்லை. அதனால் அது தின்னும் கொழுப்பு பெரும்பாலும் மாறாமலே முட்டைக்குப் போகும்.

மூதூரிலிருந்து: அப்போ பாலில் இருப்பதெல்லாம் நிரம்பிய கொழுப்புத்தானா?

பதில்: இல்லை அக்கா. பாதி வழியில் வக்சீனிக் என்ற நிரம்பாத அமிலம் உண்டாகும். அதில் ஒரு பங்கு முழுதாக மாறுமுன் நழுவி இரத்தத்தில் சேர்ந்துவிடும். மடியிலுள்ள ஒரு நொதியம் அதை ரூமெனிக் என்ற இன்னொரு நிரம்பாத அமிலமாக்கும். ஸ்டீயரிக்கில் ஒரு பகுதியையும் ஒலெயிக் என்ற நிரம்பாத அமிலமாக்கும். மாரி மழைக்குப் பிறகு பச்சை மேய்ந்த பட்டியின் பாலில் ரூமெனிக் கூடுதல். ஆடி, ஆவணியில் வைக்கோலை மட்டும் நம்பி நிற்கும் மாட்டில் குறைவு.

கிண்ணியாவிலிருந்து: எருமைக்குப் புண்ணாக்கோடு தேங்காயெண்ணெயும் ஊற்றினால் தயிரில் ஆடை தடிக்குமா டொக்டர்?

பதில்: ஊற்றாதீங்க நானா. தேங்காயெண்ணெய் ஏற்கெனவே நிரம்பியது, பக்டீரியா மாற்றுவதற்கு அதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அதிலுள்ள லோரிக் அமிலம் முதல் வயிற்று நுண்ணுயிர்கள் பலவற்றை அடக்கிவிடும். எந்த எண்ணெயானாலும் உலர் தீவனத்தில் மொத்தக் கொழுப்பு 6, 7 வீதத்தைத் தாண்டினால் நார் செரிப்பது குறையும், தீனியும் குறையும். பால் கொழுப்பில் ஏறத்தாழப் பாதியை மடியே செய்கிறது. அதற்கு வேண்டிய அசற்றிக் அமிலம் பெரும்பாலும் நாரிலிருந்துதான் வருகிறது. நாரைக் கெடுத்துவிட்டு ஆடையைத் தேடி என்ன பயன்? தானியத்தைக் கூட்டி, நாரைக் குறைத்து, எண்ணெயும் சேர்த்தால் இன்னும் மோசம்: ஐதரசனேற்றம் வேறு வழியில் திரும்பி, மடியில் கொழுப்பு உற்பத்தியையே அடக்கும் ஒரு அமிலம் உண்டாகும்.

நிலாவெளியிலிருந்து: ஆட்டுக்கும் இதேதானா?

பதில்: ஓம். பால்குடிக் குட்டி மட்டும் விலக்கு. அது குடிக்கும் பால் முதல் வயிற்றைத் தொடாமல் நேரே நான்காவதற்குப் போய்விடும்.

கந்தளாயிலிருந்து: 'பைபாஸ் கொழுப்பு' என்று விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: அது கல்சியத்தோடு சேர்த்துச் சவர்க்காரமாக்கிய கொழுப்பு. முதல் வயிற்றில் பெரும்பாலும் பிரியாது, நான்காம் வயிற்றின் அமிலத்தில் பிரியும். நிறையக் கறந்து மெலியும் மாட்டுக்குக் கொடுக்கலாம். இரண்டு, மூன்று லீற்றர் கறக்கும் நாட்டு மாட்டுக்கு அந்தக் காசில் புல்லை நட்டுவிடுங்க.